தொட்டால்தான் மூச்சு

1

தண்ணீரைப் பிரித்தார்கள். தெருவைப் பிரித்தார்கள். சுடுகாட்டைப் பிரித்தார்கள். டீக்கடைக் குவளையைப் பிரித்தார்கள். காற்றை மட்டும் எவனாலும் பிரிக்க முடியாது, அது எல்லாருக்கும் பொது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. நம்ம தோழர்களே பேசிக் கேட்டிருக்கிறேன். கைதட்டல் வாங்குகிற பேச்சுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றும் பிரிக்கப்பட்டதுதான். ஒரு பச்சைக் குழந்தை மூச்சுக்குத் தவிக்கும்போது அதன் நெஞ்சைத் தொடவேண்டிய கை தயங்கி நின்றால், அந்த இடத்தில் காற்று பிரிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

மூச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மருத்துவப் புத்தகங்கள் அதை இயந்திரங்களின் வரலாறாகவும் மேதைகளின் வரலாறாகவும் எழுதி வைத்திருக்கின்றன. அதையே கைகளின் வரலாறாக வாசித்துப் பார்க்கலாமே என்பது என் யோசனை. எந்தக் கை தொட்டது, எந்தக் கை தொட மறுத்தது, எந்தக் கை உழைத்தும் கணக்கில் வராமல் போனது என்று கேட்டுக்கொண்டே படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது.

அந்தக் கதையை அம்பேத்கரிடமிருந்து தொடங்குகிறேன். ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற அவருடைய சிறு நூல் 1990இல்தான் மக்கள் கல்விக் கழகத்தால் தனிப் புத்தகமாக வெளியிடப்பட்டது. அதில் அவர் தன் அனுபவங்களோடு பிறர் அனுபவங்களையும் எடுத்து வைக்கிறார். அப்படி எடுத்து வைத்த ஒன்று, காந்தியின் ‘யங் இந்தியா’வில் 1929 டிசம்பர் 12 அன்று வெளியான ஒரு கடிதம். எழுதியவர் கத்தியவாட் கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருந்த தீண்டத்தகாத சாதிக்காரர். அவர் மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு நாளில் உடம்பு சரியில்லாமல் போகிறது. நெஞ்சு வீங்குகிறது. மூச்சுவிடச் சிரமப்படுகிறார். விலாவில் கடுமையான வலி. டாக்டரைக் கூப்பிடப் போகிறார். சேரிக்குள் வரமாட்டேன், குழந்தையையும் பார்க்கமாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிடித்து, இரண்டு ரூபாய் ஃபீசுக்கு ஜாமீன் சொல்ல வைத்த பிறகு, ஒரு நிபந்தனையோடு வருகிறார்: நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும்.

பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியை, கைக்குழந்தையோடு, சேரிக்கு வெளியே கொண்டுவந்து வைக்கிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைக்கிறார். வந்த வழியிலேயே அது திரும்பிப் போகிறது. இரவு எட்டு மணி இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு டாக்டர் நிமோனியா என்கிறார். போய்விடுகிறார். மருந்து அனுப்புகிறார். பிறகு ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னதற்கு மறுத்துவிடுகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

அன்றைக்குப் பென்சிலின் புழக்கத்துக்கு வரவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் நிமோனியா என்பது நெஞ்சுக்குள் இருக்கிற நோய். அதைத் தட்டிப் பார்க்க வேண்டும், காது வைத்துக் கேட்க வேண்டும், விலா எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று பக்கத்தில் இருந்து எண்ண வேண்டும். மூன்று கை மாறிப்போகிற கண்ணாடிக் குழாயால் ஆகிற காரியமில்லை அது. தீண்டாமை என்பது மனசைப் புண்படுத்துகிற ஒரு வழக்கம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். அது நேரடியாக நுரையீரலில் வேலை செய்திருக்கிறது.

2

இந்தக் கடிதம் வெளியாவதற்கு ஓராண்டு முன்பு, 1928 அக்டோபரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்து நினைவு தப்பிக் கிடந்தாள். பிலிப் டிரிங்கரும் லூயி அகாசிஸ் ஷாவும் செய்திருந்த ஓர் இரும்புப் பெட்டிக்குள் அவளைப் படுக்க வைத்தார்கள். தலை மட்டும் வெளியே. பெட்டிக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சினால் நெஞ்சு விரியும், மூக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். உறிஞ்சுவதை நிறுத்தினால் நெஞ்சு சுருங்கும், காற்று வெளியே வரும். வீட்டுத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் காற்றுப் பம்புகள்தான் அதற்கும் பயன்பட்டன. சில நிமிஷத்தில் சிறுமிக்கு நினைவு திரும்பியது. பல நாள் கழித்து நிமோனியாவில் அவள் இறந்துபோனாலும், இயந்திரம் ஒன்று மனிதருக்காக மூச்சுவிட முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. ‘இரும்பு நுரையீரல்’ என்று பெயர் வந்தது.

இந்தப் பெட்டி ஒன்றின் விலை அன்றைய அமெரிக்காவில் ஒரு சாதாரண வீட்டின் விலைக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால் யார் பெட்டிக்குள் போவது என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. பணம் மட்டும் அதைத் தீர்மானிக்கவில்லை. இளம்பிள்ளை வாதம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் நோய், கறுப்பர்களுக்கு அது அவ்வளவாக வராது என்று மருத்துவர்களில் பலர் நம்பினார்கள். வராது என்று நம்பினால் தேடமாட்டார்கள். தேடாவிட்டால் கணக்கில் ஏறாது. கணக்கில் இல்லாத நோய்க்குப் படுக்கை எதற்கு? ரூஸ்வெல்ட் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில் 1920களில் ஏற்படுத்திய புகழ்பெற்ற இளம்பிள்ளை வாதச் சிகிச்சை மையம் கறுப்பு நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பர் இயக்கங்களும் கறுப்பு மருத்துவர்களும் விடாமல் கேள்வி எழுப்பிய பிறகு, 1941இல் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று தனி மையம் திறந்தார்கள். 36 படுக்கை.

இந்த ‘தனி’ என்ற சொல் நமக்குப் புதிதில்லை. தனிக்குவளை, தனிக்கிணறு, தனிச்சுடுகாடு வரிசையில் தனி நுரையீரல். இருந்தாலும் டஸ்கீகியைக் கேலி பேசிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. கறுப்பு மருத்துவர்களும் செவிலியர்களும் பயிற்சி பெற்ற இடம் அது. ‘எங்க பிள்ளைக்கும் இந்த நோய் வருது’ என்று ஆதாரத்தோடு சொன்ன இடம் அது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் நோயை எண்ணிக் காட்டுவதே ஓர் அரசியல் செயல்பாடு என்பதை அங்கிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

3

1952இல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் வந்து குவிந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகளும் இளவயதுக்காரர்களும். அந்த மருத்துவமனையில் இருந்தது ஒரே ஓர் இரும்பு நுரையீரல். அது தவிர, நெஞ்சில் கவசம்போல் மாட்டுகிற சிறு கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரத்தில் மூச்சுச் செயலிழந்து வந்த 31 பேருக்குச் சிகிச்சை தந்ததில் 27 பேர் செத்துப்போனார்கள்.

தலைமை மருத்துவர் லாசன், வேறு வழியில்லாமல் பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரைக் கூப்பிட்டார். மயக்க மருந்துக்காரர்களுக்கு அறுவை அரங்குக்கு வெளியே வேலையில்லை என்றிருந்த காலம் அது. இப்சன் செத்துப்போனவர்களின் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, இவர்கள் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கிச் செத்திருக்கிறார்கள், காற்று போதுமான அளவு உள்ளே போய் வரவில்லை என்றார். ஆகஸ்ட் 27 அன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளை போட்டு, குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார். செத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு நிறம் திரும்பியது.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் பையை அமுக்குவது யார்? ஒரு நோயாளிக்கு இராப்பகலாக, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் அமுக்க வேண்டும். ஒரே நேரத்தில் எழுபது பேர்வரை அந்த நிலையில் கிடந்தார்கள். மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து வந்து படுக்கையோரம் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த சாவு நாற்பதுக்கும் கீழே இறங்கியது. இன்று உலகம் முழுக்க இருக்கிற தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இந்தக் கூடத்திலிருந்து பிறந்தவைதான்.

இந்த நிகழ்ச்சி என்னை மிகவும் பாதித்தது. உலகத்தின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு இயந்திரத்தால் ஓடவில்லை, விரல்களால் ஓடியிருக்கிறது. மின்சாரம் வேண்டாம். வேண்டியது, தெரியாத வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தூங்காமல் அமுக்குகிற ஒரு கை. மாணவர்களில் சிலர் தாங்கள் மூச்சுக்கொடுத்த பிள்ளை விடிவதற்குள் இறந்துபோவதையும் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்னிங் ரூபன், ஹோல்கர் ஹெஸ்ஸெ இருவரும் அமுக்கினால் சுருங்கித் தானாகவே விரிந்துகொள்கிற பையைச் செய்தார்கள். 1956இல் விற்பனைக்கு வந்தது. நம்மூர் ஆஸ்பத்திரிகளில் ‘அம்பு பேக்’ என்று சொல்கிறார்களே, அதுதான். அந்தப் பையை இந்தக் கட்டுரையில் இன்னொரு தடவை பார்க்கப்போகிறோம்.

கத்தியவாடில் தெர்மாமீட்டர் மூன்று கை மாறிப் போனது. இருபத்து மூன்று ஆண்டு கழித்துக் கோபன்ஹேகனில் ஒரு பை 1,500 பேரின் கை மாறியது. இரண்டும் கை மாறியதுதான். ஒன்று தொடாமலிருப்பதற்காக மாறியது, மற்றொன்று விடாமலிருப்பதற்காக.

4

நுரையீரல் நோயில் குழந்தைகள் முனகும். ‘ங்... ங்...’ என்று ஒவ்வொரு மூச்சு விடும்போதும் ஒரு சத்தம். எங்கூர்க் கிழவிகள் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே ‘புள்ளைக்கி நெஞ்சுக்குழி உள்ள போவுது பாரு, தூக்குங்கடி ஆஸ்பத்திரிக்கி’ என்பார்கள். எழுத்து தெரியாத அறிவு. அந்த முனகலுக்கு மருத்துவம் அர்த்தம் கண்டுபிடித்த கதை சுவையானது.

நுரையீரலில் சின்னச் சின்னக் காற்றறைகள் இருக்கின்றன. குறைமாதக் குழந்தைக்கு அவை மூச்சு வெளியே போனதும் ஒட்டிக்கொள்கின்றன. நிமோனியாவில் சளியும் நீரும் கோத்துக்கொண்டு மூடிப்போகின்றன. மூடிப்போன அறையில் எவ்வளவு ஆக்ஸிஜன் கொடுத்தாலும் ரத்தத்துக்குப் போய்ச் சேராது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த ஆண் குழந்தை இந்தக் கோளாறால் 39 மணி நேரத்தில் இறந்தது. அமெரிக்காவின் சிறந்த மருத்துவமனை, அழுத்தமேற்றிய ஆக்ஸிஜன் அறை, எல்லாம் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்கு அந்த அறிவு யாரிடமும் இல்லை.

முனகுகிற குழந்தை என்ன செய்கிறது? குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை விடுகிறது. அதனால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் தங்கி, காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்திருக்கின்றன. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள அந்தச் சின்ன உடம்பு செய்கிற வேலை அது. தொண்டைக்குள் குழாய் செருகினால் குழந்தையால் முனக முடியாது. முனகல் நின்றதும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது என்பதை 1968இல் கேப்டவுன் மருத்துவர்கள் எழுதினார்கள். 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரியும் அவர் கூட்டாளிகளும் அந்த முனகலையே சிகிச்சையாக்கினார்கள். மூச்சு விடும்போதும் காற்றுப் பாதையில் விடாத ஓர் அழுத்தம் இருக்கும்படி செய்தார்கள். அப்படிச் சிகிச்சை பெற்ற 20 குறைமாதக் குழந்தைகளில் 16 பிழைத்தன. ‘சிபாப்’ என்று இன்று சொல்லப்படுவது இதுதான். பிள்ளையின் முனகலைத் தொந்தரவாக நினைக்காமல் அது என்ன சொல்ல வருகிறது என்று உற்றுக் கேட்டதில் கிடைத்த வைத்தியம்.

எங்கப்பா ஒரு மாவட்டத் தலைநகரத்து அரசு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தார். அவருடைய முக்கியமான வேலை சிலிண்டர் உருட்டுவது. கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள், அவர் உயரத்துக்கு இருக்கும். அதைச் சாய்த்து, அடிவிளிம்பில் நிறுத்தி, இரண்டு கையாலும் திருப்பித் திருப்பியே நீளமான தாழ்வாரத்தைக் கடப்பார். சின்ன வயதில் சோறு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். குழந்தைகள் வார்டில் ஈரப்பத பாட்டிலில் குமிழி விடுகிற சத்தத்தை வைத்தே சிலிண்டர் தீரப்போகிறதா என்று சொல்லிவிடுவார். ‘கொதிக்கிற ஒலை மாரி இருக்கணும், மூடி தொறந்து வச்ச ஒலை மாரி அடங்குச்சின்னா மாத்திப்புடணும்’ என்பார். ராத்திரியில் நர்ஸ் அம்மா ஒருத்தர்தான், நாற்பது குழந்தை. அந்த அம்மாவே ‘நீ போயி ஒரு சுத்து கேட்டுட்டு வா’ என்று இவரை அனுப்புமாம்.

ஒரு ராத்திரி ஒரு குழந்தைக்கு மூக்கில் வைத்த குழாய் நழுவிவிட்டது. அப்பா எடுத்து வைக்கப்போனார். பக்கத்தில் இருந்த பாட்டி கையைத் தட்டிவிட்டு, ‘கக்கூஸ் கழுவுற கையால புள்ளையத் தொடாத, நர்சைக் கூப்புடு’ என்றதாம். அப்பா கக்கூஸ் கழுவுகிற வேலையில் இல்லை. அதைச் சொல்லவும் இல்லை. ஓடிப்போய் நர்சைக் கூட்டிவந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது. இதை எங்களிடம் சொல்லும்போது அப்பா கோபப்படவில்லை. ‘நான் உருட்டிக்கிட்டு வந்த காத்துதான அது மூக்குல போவுது, அது தீட்டில்லையா?’ என்று மட்டும் கேட்டார். தலித்தின் உழைப்பு உள்ளே போகலாம், தலித்தின் விரல் மேலே படக்கூடாது. சாதியின் முழுத் தத்துவமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

5

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதை ஊசி குத்தாமல் விரலில் கிளிப் மாட்டிப் பார்க்கிற முறையை ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயகி 1974இல் முன்வைத்தார். சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் புகுந்து வருகின்றன. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் ஒருவிதமாகவும் ஏறாத ரத்தம் வேறுவிதமாகவும் ஒளியை உறிஞ்சும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்கு. 2020க்குப் பிறகு இந்தக் கிளிப்பைத் தெரியாத வீடே இல்லை. குழந்தைகள் மருத்துவத்தில் இது ஒரு பெரும் பாய்ச்சல். ஏனென்றால் கண்ணால் பார்த்து ஆக்ஸிஜன் குறைவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உதடு நீலம் பாரித்தால் என்று பாடப்புத்தகம் சொல்லும். யாருடைய உதடு? வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய பாடம் அது. நம்மைப்போன்ற கறுத்த பிள்ளைகளுக்கு நீலம் சீக்கிரத்தில் தெரியாது. நாக்கைப் பார்க்க வேண்டும், வாயின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, கருவிக்குக் கண் கிடையாது, அது சரியாகச் சொல்லும் என்று நம்பினோம். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிளிப் 92 முதல் 96 வரை காட்டி, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்ன நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், சிலருக்கு உண்மையில் 88க்கும் கீழே இருந்தது. அப்படிக் கருவியால் ஏமாற்றப்பட்டவர்கள் வெள்ளையரில் நூற்றுக்கு 3.6, கறுப்பரில் நூற்றுக்கு 11.7. தோலின் நிறமி ஒளியை வாங்கிக்கொள்வதால் கணக்கு பிசகுகிறது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. குழந்தைகளிலும் இதே பிசகு இருப்பதாக 2022இல் வெளியான ஆய்வு சொன்னது. 1990இலேயே இதைச் சொன்னவர்கள் உண்டு. முப்பது வருஷம் யாரும் காதில் வாங்கவில்லை. 2025 ஜனவரியில்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பல நிறத் தோல்களிலும் சோதித்துப் பார்த்துக் கருவி செய்யுங்கள் என்று வரைவு விதிகளை வெளியிட்டது.

கறுப்பர் எல்லாரும் தலித்துமில்லை, தலித் எல்லாரும் கறுப்புமில்லை. நிறத்தையும் சாதியையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது வேறு. ஒளிக்குச் சாதியில்லை, இனமில்லை. ஆனால் யாருடைய விரலை மாதிரியாக வைத்து அந்தக் கணக்கைப் போட்டார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. ‘நடுநிலை’ என்று சொல்லப்படுகிற எதைப் பார்த்தாலும் இது யார் உடம்பில் அளந்து தைத்த சட்டை என்று கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும். கிளிப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எண்ணையும் பார், பிள்ளையையும் பார் என்கிறேன்.

6

ஆக்ஸிஜனை 1774இல் பிரீஸ்ட்லி பிரித்தெடுத்துக் காட்டினார். ஆக்ஸிஜன் குறைந்த நோயாளிக்கு அது அத்தியாவசிய மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் சேர்த்தது 2017இல். அதுவரை மயக்க மருந்துப் பிரிவில்தான் அது இருந்தது. இந்த இடைவெளியில் ஏழை நாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் போனார்கள் என்பதற்குக் கணக்கு யார் வைத்திருக்கிறார்கள்? பாப்புவா நியூ கினியாவில் ஐந்து மருத்துவமனைகளில், காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற கருவிகளையும் விரல் கிளிப்பையும் வைத்து, ஊழியர்களுக்குப் பயிற்சியும் தந்தார்கள். நிமோனியாவில் குழந்தைகள் சாவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2008இல் வெளியான முடிவு இது. அதிசய மருந்து எதுவுமில்லை. காற்றும் பயிற்சி பெற்ற கையும்.

வங்கதேசத்துக் கதை இன்னும் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. முகம்மது ஜோபாயர் சிஷ்டி 1996இல் சில்ஹெட் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர். வேலையில் ஒரே இரவில் மூன்று குழந்தைகள் நிமோனியாவில் சாவதைக் கண்ணால் பார்த்தார். வென்டிலேட்டர் வாங்குகிற வசதி அங்கே இல்லை. ஆஸ்திரேலியாவில் பயின்றபோது, குழந்தை வெளிவிடும் மூச்சைத் தண்ணீருக்குள் அமிழ்த்திய குழாய் வழியாக விடுகிற குமிழி சிபாப் முறையைப் பார்த்தார். குழாய் முனை தண்ணீரில் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறதோ அத்தனை அழுத்தம் நெஞ்சுக்குள் தங்கும். டாக்கா திரும்பியதும் கண்ணில் பட்டது ஒரு காலி ஷாம்பு பாட்டில். அதில் தண்ணீர் ஊற்றி, குழாய் விட்டு, செய்து பார்த்தார். செலவு இரண்டு டாலருக்கும் கீழே.

2011 முதல் 2013 வரை டாக்கா மருத்துவமனையில் 225 குழந்தைகளிடம் சோதித்தார்கள். சாதாரணமாக மூக்கில் ஆக்ஸிஜன் விட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 15 இறந்தன. குமிழி பாட்டில் வைத்தவற்றில் நூற்றுக்கு 4. பாதியிலேயே சோதனையை நிறுத்தி எல்லாருக்கும் பாட்டிலையே கொடுக்க வேண்டியதாயிற்று. 2015இல் ‘லான்செட்’ இதழில் வந்தது.

இத்தோடு நிறுத்தினால் ‘ஏழை நாட்டின் எளிய கண்டுபிடிப்பு’ என்று மாலை போட்டுவிட்டுப் போய்விடலாம். பத்திரிகைகள் அதைத்தான் செய்தன. ஆனால் மலாவியில் என்ன நடந்தது? சலிமா மாவட்ட மருத்துவமனையில் 2015 முதல் 2018 வரை, நிமோனியாவோடு சத்துக்குறைவு, எச்.ஐ.வி., கடுமையான ஆக்ஸிஜன் குறைவு போன்றவை இருந்த 644 குழந்தைகளிடம் குமிழி சிபாப்பைச் சோதித்தார்கள். தினமும் மருத்துவர் மேற்பார்வை இல்லாத சாதாரண வார்டு. அங்கே சாதாரண ஆக்ஸிஜன் பெற்றவர்களில் நூற்றுக்கு 11 இறந்தார்கள், குமிழி முறையில் 17. அதையும் பாதியில் நிறுத்தினார்கள். டாக்காவில் காப்பாற்றிய முறை சலிமாவில் கைவிட்டது. நோயாளிகளும் வேறு, வார்டும் வேறு. மருத்துவரும் செவிலியரும் எந்நேரமும் கண்வைத்திருக்கிற தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்தது டாக்கா சோதனை. மருத்துவர் கண் படாத இடத்தில் பாட்டில் வெறும் பாட்டில்தான்.

இதைத் தோழர்கள் அழுத்தமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ‘மலிவான தொழில்நுட்பம்’ என்று சொல்லிக்கொண்டு, சேரிக்குப் பாட்டிலும் நகரத்து மேட்டுக்குடிக்கு டாக்டரும் என்று பங்கு பிரிக்க வருவார்கள். பாட்டில் மலிவாக இருக்கலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற கை மலிவாகக் கூடாது.

7

2017 ஆகஸ்ட். உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் அரசு மருத்துவக் கல்லூரி. மூளைக்காய்ச்சலோடு வந்த பிள்ளைகளும் பச்சிளங்குழந்தைகளும் நிறைந்த வார்டுகள். ஆக்ஸிஜன் சப்ளை செய்த கம்பெனிக்கு சுமார் 68 லட்சம் ரூபாய் பாக்கி. 10ஆம் தேதி இரவு குழாயில் ஆக்ஸிஜன் குறைந்தது. அந்த நான்கைந்து நாட்களில் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஆக்ஸிஜன் இல்லாததால் இறக்கவில்லை, நோயால் இறந்தார்கள் என்றது மாநில அரசு. சிலிண்டர்களுக்கு அலைந்த குழந்தைகள் மருத்துவர் கஃபீல் கான் இடைநீக்கம் செய்யப்பட்டு, 2018 ஏப்ரலில் ஜாமீன் கிடைக்கும்வரை சிறையில் இருந்தார். 2021இல் வேலையிலிருந்தே நீக்கப்பட்டார்.

அந்த இரவில் பெற்றோர் கையில் அம்பு பேக்கைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள் என்று செய்திகளில் வந்தது. கோபன்ஹேகனின் அதே பை. அங்கே அரசு 1,500 மாணவர்களைப் பயிற்றுவித்துப் படுக்கையோரம் உட்கார வைத்தது. அறுபத்தைந்து ஆண்டு கழித்து இங்கே, கூலிக்காரத் தகப்பன்கள் தன் பிள்ளைக்குத் தானே மூச்சாக இருந்து பார்த்தார்கள். எவ்வளவு அமுக்கணும், எப்ப விடணும் என்று தெரியாமல் அமுக்கினார்கள்.

மூச்சுமுட்டிச் சாவது நமக்கு வேறு ஒரு வழியிலும் பழக்கமானது. மலக்குழிக்குள் இறங்கிய நம் ஆட்கள் நச்சுக் காற்றில் சாகிறார்கள். 2013இல் சட்டம் வந்தது. 2014இல் உச்சநீதிமன்றம் பத்து லட்சம் கொடு என்றது. 2023இல் முப்பது லட்சம் ஆக்கியது. விலை ஏறியிருக்கிறதே தவிர இறங்குவது நிற்கவில்லை. தகப்பன் குழியில், பிள்ளை வார்டில். இரண்டு இடத்திலும் காற்று தீர்ந்துபோகும் என்பது முன்கூட்டியே தெரிந்தும் யாரும் அசையவில்லை என்பதுதான் ஒற்றுமை.

அதனால் நம் வேலைத்திட்டத்தில் மூச்சும் சேர வேண்டும் என்கிறேன். கூரை வீட்டு அடுப்புப் புகை, சத்துக்குறைவு, நெரிசல், இவையெல்லாம் நிமோனியாவின் தாய்மார்கள். அவற்றோடு போராட நெடுங்காலம் ஆகும். ஆனால் இன்றைக்கே கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. உங்கள் சேரிக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குழந்தை விரலுக்குப் பொருந்துகிற கிளிப் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர் கிளிப் பச்சைக்குழந்தைக்கு ஆகாது. சிலிண்டர் இருந்தால் நிரம்பியிருக்கிறதா, திறக்கிற சாவி யாரிடம், ராத்திரியில் அந்த ஆள் எங்கே என்று கேளுங்கள். நிமோனியாத் தடுப்பூசி 2021இல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்துக்கு வந்துவிட்டது, நம் தெருப் பிள்ளைகளுக்கு எல்லாத் தவணையும் போட்டாச்சா என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். ராத்திரி வார்டில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை நர்ஸ் என்று எண்ணுங்கள். சிலிண்டர் உருட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன கூலி, என்ன பயிற்சி என்று கேளுங்கள். அவரும் அந்தப் பிள்ளையின் மூச்சில் பங்குள்ளவர்.

நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஐம்பதைத் தொட்டால், ஒன்று முதல் ஐந்து வயதுவரை நாற்பதைத் தொட்டால் ஆபத்து. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு அறுபது. நெஞ்சுக்குழி உள்ளே போனாலோ, முனகினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நம் கிழவிகளுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். மீதியை நாம் சேர்க்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகு அங்கே இருக்கிற கை நம் பிள்ளையைத் தொட வேண்டும். தயங்காமல், உடனே, நெஞ்சில் கை வைத்துப் பார்க்க வேண்டும். அதைக் கெஞ்சிப் பெறவேண்டியதில்லை. 1929இல் அந்த ஆசிரியர் இரண்டு ரூபாய்க்கு ஜாமீன் தேடி அலைந்தார். நாம் ஜாமீன் தேடப் போவதில்லை, கணக்குக் கேட்கப் போகிறோம்.